மேட்டுக்கு ஏறும் பஸ்

வரைபடத்தின் கீழ்மூலை சுவரில் ஒட்டமாட்டேன் என்றது. ரசேலா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றபோது அப்பா அரங்கத்துக்குள் வந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. நீல அரைக்கைச் சட்டை, அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். நகர மன்றத்தின் இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். பின்வரிசையில் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். சமோவாத் தீவுக்காரர்களுக்கு வணக்கம் சொல்ல அது போதும். அவளும் உயர்த்தினாள். விரலை எடுத்ததும் மூலை மறுபடியும் சுருண்டது.

வரைபடத்தில் பாட்டில்பிரஷ் மேடு ஒரு காது மாதிரி இருந்தது. பெருஞ்சாலையிலிருந்து ஒரு தெரு பிரிந்து மேடேறி, வீடுகளைச் சுற்றி வளைந்து, மறுபடியும் பெருஞ்சாலைக்கே இறங்கியது. தெருவின் குறுக்கே சிவப்புக் கோடுகள். அவை வரப்போகும் வேகத்தடைகள். பேருந்துக்கு நீலக் கோடு. இதுவரை காதின் விளிம்பைச் சுற்றி வந்த நீலக் கோடு இந்த வரைபடத்தில் காதைத் தொடாமல் பெருஞ்சாலையிலேயே நேராகப் போனது. அதை வரைந்தவள் ரசேலா. கணினியில் ஒரு புள்ளியை அழித்தால் போதும், கோடு தானே நிமிர்ந்துவிடும்.

வேகத்தடை கேட்டது மேட்டுக்காரர்கள்தான். வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் எங்கிருந்தோ பையன்கள் கார்களை ஓட்டிக்கொண்டு வந்து வளைவில் டயர் தேய்த்துப் பந்தயம் விட்டார்கள். அஞ்சல் பெட்டிகள் உடைந்தன. ஒரு நாய் செத்தது. மேட்டுக்காரர்கள் நகர மன்றத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்த பிறகு, இந்த ஆண்டு பணம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அவ்வளவு உயரமான தடைகள் போட்ட தெருவில் பேருந்து ஓடாது என்று பேருந்து நிறுவனம் சொல்லிவிட்டது. இரண்டில் ஒன்றுதான். அப்படியானால் மேட்டில் எத்தனை பேர் பேருந்தில் ஏறுகிறார்கள் என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயணிகள் கட்டண இயந்திரத்தில் அட்டை தொட்ட எண்ணிக்கையை நிறுவனம் அனுப்பியது. புள்ளியியல் படித்துவிட்டு நகர மன்றத்தில் சேர்ந்திருந்த ரசேலாவின் மேசைக்கு அது வந்தது. அவளுக்கு அங்கே அதுதான் முதல் பெரிய வேலை.

அவள் அதைப் பட்டைகளாக வரைந்தாள். பெருஞ்சாலை நிறுத்தங்களின் பட்டைகள் நெடுநெடுவென்று நின்றன. மேட்டு நிறுத்தங்களின் பட்டைகள் தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தன.

பார்த்த உடனேயே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவள் பிறந்து வளர்ந்ததே அந்த மேட்டில்தான். அந்தப் பேருந்தை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா பெனியாமினா.

அது போதகரின் மனைவி எலிசபேட்டாவிடம் தொடங்கியது. சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் பாதி நாள் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்த அந்த அம்மாள் முதல் நாள் பேருந்தில் ஏறிக் கைப்பைக்குள் அட்டையைத் தேடியபோது, அப்பா தன் உள்ளங்கையால் இயந்திரத்தை மூடிவிட்டார். சபையின் தாயிடம் கட்டணம் கேட்பது அவரால் முடிகிற காரியம் அல்ல. ஆனால் அன்று அந்த அம்மாளுக்குப் பின்னால் முழங்கால் வீங்கிய டோரீன் நின்றிருந்தாள். ஒருவரைச் சும்மா ஏற்றிவிட்டு அடுத்தவரிடம் எப்படிக் கேட்பது? டோரீன் வெள்ளைக்காரி, சபைக்கு வராதவள் என்பதற்காகவா? அப்பா கையை எடுக்கவில்லை. டோரீனுக்குப் பின்னால் இன்னொருவர். அப்படியே மேடு முழுக்கப் பரவியது. பெருஞ்சாலைக்கு இறங்கிய பிறகுதான் இயந்திரம் விழித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பேச்சை எடுத்துப் பார்த்தாள். மேட்டில் எல்லோரும் அட்டை தொடுகிறார்களா என்று கேட்டாள். அப்பா சிரித்தார். அந்த மெஷினுக்கும் லீவு வேணாமா என்றார். அம்மா தலை நிமிராமல் அவள் தட்டில் இன்னொரு துண்டு சேப்பங்கிழங்கை வைத்தாள். ரசேலா கிழங்கைத் தின்றாள். போன வருடம் வேறு பணிமனையில் இதே காரணத்துக்காக ஓர் ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பா சபையின் உதவிக்காரர், காணிக்கைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். நிறுவனத்தை ஏமாற்றினார் என்று ஒரு சொல் வெளியே வந்தால் அந்தத் தட்டை அவரால் இன்னொரு முறை தொடமுடியாது.

அவள் வாய் திறக்காததற்கு இவ்வளவும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் இதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதை அவள் அதிகம் தோண்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஜானின் காபி குடித்துக்கொண்டே, உங்கப்பா என்ன பண்றாரு என்று கேட்டிருந்தாள். "அவரும் போக்குவரத்துலதான் இருக்காரு" என்று ரசேலா சொன்னாள். ஜானின் முகம் மலர்ந்தது. பொறியாளர் என்று நினைத்திருப்பாள். ரசேலா திருத்தவில்லை. பிறகு திருத்துவதற்கு நேரம் வரவே இல்லை.

அரங்கம் நிறைந்தது. தேநீர்க் கொதிகலன் பக்கத்தில் லாமிங்டன் கேக் துண்டுகள் வைத்திருந்தார்கள். டோரீன் இரண்டை எடுத்துக்கொண்டு, மூன்றாவதைக் கைதுடைக்கும் தாளில் சுற்றிப் பைக்குள் போட்டாள். எலிசபேட்டா முன்வரிசையில் உட்கார்ந்தார். அவரை வேறு எங்கும் உட்கார யாரும் விடமாட்டார்கள். மணிக்கட்டில் ஊசி போட்ட இடத்தில் கட்டு இருந்தது.

ஜானின் நன்றாகப் பேசினாள். மேட்டுக்காரர்கள் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதற்கு வருத்தம் சொன்னாள். தடைகள் எங்கெங்கே வரும் என்று காட்டினாள். ஷேன் என்ற தச்சன் கைதட்டினான். செத்துப்போனது அவனுடைய நாய். பிறகு நீலக் கோட்டுக்கு வந்தாள். அரங்கம் அசைந்தது. பேருந்து மேட்டுக்கு வராது என்றால் பெருஞ்சாலைக்கு எப்படி இறங்குவது, இறங்கினால் எப்படி ஏறுவது, மழையில் என்ன செய்வது என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. ஜானின் கையை உயர்த்தி, இது யாருக்கும் பிடித்த முடிவல்ல, ஆனால் எண்களைப் பாருங்கள் என்றாள். ரசேலா பொத்தானை அழுத்தினாள். பட்டைகள் திரையில் வந்தன.

"அந்தப் படம் தப்பு" என்றாள் டோரீன்.

ஒவ்வொரு தொடுகையும் இயந்திரத்தில் பதிவாகிறது, விடுபட வழியில்லை என்று ஜானின் பொறுமையாக விளக்கினாள். எங்கே தப்பு என்று சொன்னால் சரிபார்ப்பதாகவும் சொன்னாள்.

"காலையில அந்த பஸ்ல எனக்கு உக்கார எடமே இருக்காதும்மா. எங்களை எல்லாம் என்ன பேயின்னு நெனச்சியா? மெஷினு..." என்று தொடங்கிய டோரீன் பாதியில் நின்றாள். தலையைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். அப்பா தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷினு என்ன ஆச்சு?" என்றாள் ஜானின்.

"ஒண்ணுமில்ல. எனக்கு எண்ணத் தெரியாது. பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான்."

டோரீன் உட்கார்ந்தாள்.   அரங்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள். அந்த அறையில் பேருந்தில் போகிற எல்லோருக்கும் திரையில் இருந்த பொய் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். எலிசபேட்டா திரும்பிப் பார்க்கவே இல்லை. கைப்பையை மடியில் இழுத்து வைத்து அதன் கொக்கியை மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மரியாதை என்று நினைத்து வாங்கிக்கொண்டது திரையில் தரையோடு கிடப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் காலியாகத்தான் ஓடுகிறது, தானே பார்த்திருப்பதாக ஷேன் சொன்னான். "நீ எந்திரிக்கறதே மத்தியானம்தானே, ஷேனு" என்று டோரீன் உட்கார்ந்தபடியே சொன்னாள். கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு ஜானின் ரசேலாவின் பக்கம் திரும்பினாள்.

"ரசேலா இந்த மேட்டுலயே வளந்த பொண்ணு. இந்தக் கணக்கு முழுக்க அவ போட்டதுதான். நீ எதாவது சொல்லணுமா ரசேலா?"

எல்லோரும் பார்த்தார்கள். சின்ன வயதில் அவளைத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்தவர்கள், பல்கலைக்கழகத்துக்குப் போனபோது சபையில் அவளுக்காக ஜெபித்தவர்கள். தொண்டையில் இருந்த சொற்கள் இரண்டு வகையாக இருந்தன. ஒரு வகையைச் சொன்னால் மாட்டுவது அப்பா. இன்னொரு வகையைச் சொன்னால் பஸ்ஸை இழப்பது இவர்கள். எதையும் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு வழி இருந்தது. அது பொய்யும் இல்லை.

"நம்பர் எல்லாம் சரிதான்" என்றாள்.

கேக்கல என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் அதையே இன்னொரு முறை, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது அப்பா எழுந்தார். கூட்டத்தில் எழுந்து பேசுவது அவருக்குப் புதிதல்ல. சபையில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்தான் பேசுவார். முதலில் எலிசபேட்டா அம்மாளுக்கு வணக்கம் சொன்னார். பிறகு பெரியவர்களுக்கு, நகர மன்றத்துக்கு, அரங்கத்தைத் திறந்துவிட்டவருக்கு, தேநீர் வைத்தவர்களுக்கு. ஒவ்வொரு நன்றிக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தினார்.  டோரீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவர் இப்போது சொல்லிவிடுவார் என்று ரசேலா நினைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாளா, சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

"அந்தப் படம் என் மக போட்டது" என்றார் அப்பா. "அவ கஷ்டப்பட்டுப் படிச்சவ. அவ போட்டா தப்பா இருக்காது."

உட்கார்ந்துவிட்டார்.

ஜானின் அவரைப் பார்த்தாள். சீருடையை, சட்டைப் பையின் மேல் தைத்திருந்த நிறுவனத்தின் பெயரை, பிறகு ரசேலாவை. எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை கருத்துகளை அனுப்பலாம் என்று கூட்டத்தை முடித்தாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ரசேலாவுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு அப்பாவின் காரில் போனார்கள். வானொலியில் ஏதோ ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடு ஏறும் திருப்பத்தில் அப்பா அதை நிறுத்தினார்.

"அந்தப் படத்துல கார்டு வச்சவங்க மட்டும்தான் வருவாங்களா?"

"ஆமாப்பா."

"மத்தவங்க?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அப்பா கியரை மாற்றினார். தான் செய்வது கம்பெனிக்கு நஷ்டம் என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார். ஆண்டவரிடம் அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாராம். கணக்கில் ஆட்களே இல்லாமல் போய்விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

"நீ அன்னிக்கே கேட்டியே. சாப்பிடறப்ப."

"ம்."

"நான் சிரிச்சேன்."

மறுநாள் காலை அவள் அவருடைய பேருந்திலேயே வேலைக்குப் போனாள். வழக்கமாக அவள் தோழியின் காரில் போவாள். அப்பா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தார். கட்டண இயந்திரம் அவர் பக்கத்தில் மூடப்படாமல் இருந்தது. அவள் அட்டையைத் தொட்டாள். அது கீச்சென்றது. மேட்டில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

அதற்கு அடுத்த நிறுத்தத்தில் டோரீன் நின்றிருந்தாள். நல்ல சட்டை போட்டிருந்தாள், உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். கையில் அட்டை. அதை இயந்திரத்தில் வைத்து, சத்தம் வரும் வரை அழுத்திப் பிடித்தாள். "குட்மார்னிங் பெனி கண்ணு" என்றாள், எப்போதும் சொல்வதுபோல. அவளுக்குப் பின்னால் அவள் பக்கத்தில் இருக்கிற மூன்று வீட்டுக்காரர்களும் அட்டையோடு நின்றார்கள். அடுத்த நிறுத்தத்தில் எலிசபேட்டா. அவருக்கு அன்று மருத்துவமனை நாள் இல்லை. அவருடன் சபையின் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கீச்சொலி. சிலருடைய அட்டை புதியது, மேலே ஒட்டிய தாள்கூட உரிக்கப்படவில்லை. ஒருவர் எந்தப் பக்கத்தை வைப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். கடைசி வளைவில் ஷேனும் ஏறினான். கண்ணில் தூக்கம் அப்படியே இருந்தது. டோரீன்தான் கதவைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டும். அவன் யாரையும் பார்க்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யாரும் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மழை வருமா என்று பேசினார்கள். தக்காளி விலையைப் பற்றிப் பேசினார்கள். ரசேலா எழுந்து எலிசபேட்டாவுக்கு இடம் கொடுத்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். அந்தக் கை உலர்ந்து, லேசாக இருந்தது. முன்னால் அப்பாவின் கழுத்து தெரிந்தது. காதுவரை சிவந்திருந்தது.

நகர மையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். இறங்கும்போதும் அட்டை தொட்டார்கள். ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் புருவத்தை உயர்த்தினார், கண்ணை உயர்த்தவில்லை. அவளும் இறங்குவதற்காகப் பையை எடுத்தாள். அப்போதுதான் கண்ணாடி வழியாகக் கவனித்தாள். யாரும் கடைகளின் பக்கம் போகவில்லை. விளக்கு மாறும் வரை காத்திருந்து, கூட்டமாகச் சாலையைக் கடந்து, எதிர்ப்புற நிறுத்தத்தில் போய் நின்றார்கள். மேட்டுக்குத் திரும்பும் வண்டி அங்கேதான் வரும். எலிசபேட்டாவை இருக்கையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். யார் கையிலும் சாமான் பை இல்லை. மறுபடியும் ஏறித் தொடுவதற்கு அட்டைகள் மட்டும் இருந்தன. டோரீன் ரசேலாவைப் பார்த்து உற்சாகமாகக் கையாட்டினாள்.

அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசேலா" என்றார், திரும்பாமல். "இதெல்லாம் கணக்குல வருமா?"

கணக்கெடுப்புக்கான காலம் போன மாதமே முடிந்துவிட்டது. இன்றைக்கு யார் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்தப் பட்டைகள் ஒரு மயிரிழைகூட உயராது. அவள் வாயைத் திறந்தாள். இந்த முறையும் தொண்டையில் சொற்கள் இரண்டு வகையாகத்தான் இருந்தன.

"வராதுப்பா."

அப்பா தலையசைத்தார். பேருந்தின் எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கினார். விளக்கு மாறுவதற்குக்கூட நிற்கவில்லை. ஒரு கார் ஒலியெழுப்பியது. அவர் கையை லேசாக உயர்த்தி அதை நிறுத்தி, சாலையைக் கடந்தார். எதிர்ப்புறத்தில் அவர் வருவதைப் பார்த்து முகங்கள் மலர்ந்தன. டோரீன் தன் அட்டையை உயர்த்திக் காட்டினாள். எலிசபேட்டா இருக்கையில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

அப்பா அங்கே உட்காரவில்லை. உட்கார்ந்திருக்கும் பெரியவரை மேலிருந்து பார்த்துப் பேசுவது அவருடைய ஆட்களுக்கு வழக்கமில்லை. நடைபாதையில், வெறும் சிமெண்டில், அரைக்கால் சட்டையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கார்கள் போய்க்கொண்டிருந்தன. நடுவில் இடைவெளி கிடைத்தபோதெல்லாம் ரசேலாவுக்கு அவர் குனிந்த தலை தெரிந்தது, உதடுகள் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை; வராது என்று அவள் சொன்னதைத்தான் அவர் கொண்டுபோயிருந்தார். டோரீனால் முழங்காலை மடக்க முடியாது. அவள் ஷேனின் தோளைப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் குனிந்து, காதை அவர் பக்கம் கொண்டுபோனாள்.